தூசு உறிஞ்சி வாங்கப் போகிறீர்களா? முதலில் வடிகட்டியைப் பாருங்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் விட்டுவிட்டு ரம்பத்தையும் தூசு உறிஞ்சியையும் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வீட்டோடு இருக்க நேர்ந்த தந்தையர் சிலர் மரவேலையைக் கைக்கொண்டனர். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்த ஆர்வம் அவர்களை விட்டுப் போகவில்லை. நம் ஆசிரியர்களிலும் பாடத்துணைப்பொருள்களைத் தாங்களே அறுத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தட்டைத் தாங்கி, மணிச்சட்டம், பின்னம் கற்பிக்கும் வட்டப் பலகை என்று கடையில் கிடைப்பதைவிட நல்லவற்றையே செய்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் கைவினைப் பாடத்தில் ரம்பம் பிடித்த நாளிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இவர்களெல்லாம் முதலில் துளைக்கருவி வாங்குவர். அடுத்து ரம்பம், அதற்கடுத்து உப்புத்தாள் பொருத்திச் சுழலும் தேய்ப்புக் கருவி. நான்காவதாக, வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கத் தொடங்கிய பிறகு, தூசு உறிஞ்சியின் நினைவு வரும். அப்போது என்னிடம் கேட்கிறார்கள்: “ஐயா, எது நல்ல பவர்? ஒரு குதிரைத்திறன் போதுமா, இரண்டு வாங்கட்டுமா?”

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கேள்வி தலைகீழானது. இயந்திரம் எவ்வளவு வலிமையாக உறிஞ்சுகிறது என்பதைவிட, உறிஞ்சிய காற்றை எப்படித் திருப்பி விடுகிறது என்பதே நம் வீடுகளுக்கு முதன்மையானது. வீட்டுப் பட்டறைக்கு வாங்குவோர் விலையில் பெரும்பங்கை வடிகட்டிக்குக் கொடுக்க வேண்டும். மோட்டாருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஏனென்று விளக்குகிறேன்.

மரத்தை அறுக்கும்போது இரண்டு வகைப் பொருள்கள் வெளிவருகின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சீவலும் தூளும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு. முதலாவது தரையில் விழும், துடைப்பத்தால் கூட்டலாம், குப்பை என்பதைத் தவிர அதனால் பெருந்தீங்கு இல்லை. இரண்டாவதுதான் நம் வழக்குக்குரியது. அதை மைக்ரோன் கணக்கில் அளப்பார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரோன் தடிப்பு. மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும் துகள்கள் பெரும்பாலும் 10 மைக்ரோனுக்கு மேற்பட்டவை. அதற்குக் கீழே போகப்போக அவை நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கும்.

இவை விழும் வேகத்தை நம் மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். நீரின் அடர்த்தியுள்ள 100 மைக்ரோன் துகள், அசையாத காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஆறேழு விநாடியில் தரை சேரும். 10 மைக்ரோன் துகளுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் பிடிக்கும். 1 மைக்ரோன் துகளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம்! காற்று அசையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. கூரை விசிறி சுழலும் வீட்டில் அது விழுவதே அரிது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேய்த்த பலகையின் நுண்தூசு திங்கட்கிழமை காலை பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போதும் அங்கேயே மிதந்துகொண்டிருக்கக்கூடும். தரை பளிச்சென்று இருக்கும்; காற்று அப்படி இராது.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்னும் அம்மையார், பிற இடங்களில் மிக அரிதாகக் காணப்படும் மூக்கறைப் புற்றுநோய் தம்மிடம் வரும் தளவாடத் தொழிலாளர்களிடம் அடிக்கடி தென்படுவதைக் கவனித்தார். 1960களில் அவரும் பிற ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னர், 1995-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில், நாள் முழுதும், உறிஞ்சியே இல்லாத பட்டறைகளில் உழைத்தவர்கள். வாரத்திற்கு மூன்று மணி நேரம் மரவேலை செய்யும் ஆசிரியரை அவர்களோடு ஒப்பிடுவது முறையன்று. நமக்கு அருகில் இருக்கும் இடர் வேறு. மூக்கடைப்பு, கண்ணெரிச்சல், தோல் அரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்துமா. மரத்தூசு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால் பிறகு சிறிதளவே போதும். தேக்கும் பல வெப்பமண்டல மரங்களும் இதில் பெயர்பெற்றவை.

ஆஸ்துமா என்றதும் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. புத்தகப் பையில் இழுப்பு மருந்தோடு வரும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவரோ இருவரோ என் வகுப்பில் இருப்பர். அத்தகைய பிள்ளை ஒருவனின் தந்தைதான் அண்மையில் தம் கைப்பேசியில் இரண்டு விளம்பரங்களைக் காட்டி எது வாங்கலாமென்று கேட்டார். அவர் பட்டறை கார் நிறுத்தும் முன்றிலில். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து காலணி கழற்றுவதும் அதே இடத்தில். பள்ளிக் காலணி கறுப்பாக மாறிய பிறகு அதன்மேல் படிந்த மரத்தூள் நன்றாகவே தெரிகிறது. வெள்ளைக் காலணிக் காலத்தில் அது நம் கண்ணை ஏமாற்றிக்கொண்டிருந்தது!

அவர் காட்டிய விளம்பரங்களுக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் உறிஞ்சிகள் இரண்டு குடும்பங்கள். தோற்றம் வேறு, இயல்பு வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குவோர்தாம் மிகுதி.

முதற்குடும்பம், பெரிய துணிப்பை மேலும் கீழும் தொங்கும் பை இயந்திரம். 100 மில்லிமீட்டர் குழாய் பொருத்துவது. இது பெருமளவு காற்றை மெல்லிய இழுப்பில் நகர்த்தும். கூரை விசிறியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குடும்பம் உருளை வடிவ வெற்றிட உறிஞ்சி. 32 அல்லது 38 மில்லிமீட்டர் குழாய் கொண்டது. இது குறைந்த காற்றை வன்மையாக இழுக்கும். இளநீரில் செருகிய உறிஞ்சுகுழலைப் போன்றது. இரண்டாவதன் இழுப்பு முதலாவதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அதே வேளையில், 100 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு 32 மில்லிமீட்டர் குழாயினதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. பை இயந்திரத்தின் வாயில் குறுக்கி ஒன்றைப் பொருத்திச் சிறு தேய்ப்புக் கருவியோடு இணைத்தால் விசிறியின் முன் உறிஞ்சுகுழலைப் பிடித்த கதையாகும். உருளை உறிஞ்சியைப் பெரிய இழைப்பு இயந்திரத்தில் பொருத்தினால் சீவல் குழாயில் அடைத்துக்கொள்ளும்.

இனி விளம்பர எண்கள். 5 குதிரைத்திறன், 6 குதிரைத்திறன் என்று பெரிதாக அச்சிட்ட உருளை உறிஞ்சிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவனிடம் கணக்கைக் கொடுங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆறு என்றால் 4,476 வாட். நம் வீட்டுச் செருகியின் உருகி 13 ஆம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் 2,990 வாட். செருகியில் கிடைக்காத ஆற்றலை இயந்திரம் எங்கிருந்து பெறுகிறது? மோட்டார் ஒரு கணம் திணறும்போது இழுக்கும் உச்ச அளவை எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவது, மாணவன் ஒருநாள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவன் அன்றாடம் பள்ளிக்கு எவ்வளவு விரைவாக வருவான் என்று கணிப்பதைப் போன்றது.

பை இயந்திரத்தில் இன்னொரு எண் இருக்கும்: மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று. அது பெரும்பாலும் குழாயும் பையும் பொருத்தாமல் அளந்தது. நெளிவுக் குழாய் மூன்று மீட்டர் மாட்டி, பையில் தூசு அப்பிக்கொண்ட பிறகு, அச்சிட்ட எண்ணில் பாதி கிடைத்தாலே நல்ல இயந்திரம் என்பேன். மரத்தூசு குழாயில் தங்கிவிடாமல் ஓட விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் வேண்டும் என்பது தொழிலில் உள்ளோர் கொள்ளும் கணக்கு. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு அது மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர். இந்த அளவாவது நடைமுறையில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது எண்ணை எவரும் கேட்பதில்லை. விளம்பரத்திலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும். பையின் மைக்ரோன் அளவு. மலிவான பைகள் 30 மைக்ரோன் வகை. அதாவது, நாம் மேலே கண்ட தீய துகள்கள் எவையோ அவற்றில் பெரும்பகுதியை அந்தப் பை மறுபக்கம் விட்டுவிடும். எண்ணிப் பாருங்கள். தரையில் தானாக விழுந்திருக்கக்கூடிய சீவலை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நெஞ்சுக்குள் போகக்கூடிய நுண்தூசை இழுத்து, துணிவழியே பொடித்து, முகத்தின் உயரத்தில் முன்றில் முழுதும் தூவுகிறது. பை உப்பி நிற்பதையும் தரை சுத்தமாயிருப்பதையும் கண்டு நாம் மகிழ்கிறோம். துடைப்பத்தோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு பரவியிருக்காது. நாள்படப் பையின் உட்புறம் தூசு படிந்து நன்றாக வடிகட்டத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் காற்றோட்டம் குறையும். அதற்காகப் பையைத் தட்டினால் மறுபடியும் முகில் எழும்பும்.

ஆகவே பை இயந்திரம்தான் வேண்டுமென்றால், மேல் துணிப்பைக்குப் பதிலாக மடிப்பு மடிப்பாக அமைந்த, 1 மைக்ரோன் அளவு வடிகட்டும் உருளை வடிகட்டி பொருத்தியதை வாங்குங்கள். விலை கூடும். அந்தக் கூடுதல் விலைக்குத்தான் நான் வாதிடுகிறேன்.

உருளை உறிஞ்சிகளுக்கு ஐரோப்பாவில் தெளிவான வகுப்புகள் உண்டு. எல், எம், எச் என மூன்று. எல் வகுப்பில் சோதனைத் தூசில் 1 விழுக்காடு வரை தப்பலாம். எம் வகுப்பில் 0.1 விழுக்காடு. எச் வகுப்பில் 0.005 விழுக்காடு. எம் வகுப்புக் கருவியில் காற்றோட்டம் குறைந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் அமைப்பும் இருக்கும். பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை மரத்தூசுக்கு எம் வகுப்பையே அறிவுறுத்துகிறது. வடிகட்டி மாற்றுவதையே மறந்துவிடும் நம்மைப் போன்றோருக்கு அந்த எச்சரிக்கை ஒலியே ஒரு வகுப்பு ஆசிரியர்.

சிறு பட்டறை வைத்திருக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் என் பரிந்துரை இதுதான். முதல் பணத்தை எம் வகுப்பு உருளை உறிஞ்சிக்குச் செலவிடுங்கள். ஏன் பை இயந்திரத்தை முதலில் சொல்லவில்லை? நம் வீட்டுப் பட்டறைகளில் மிக நுண்ணிய தூசைக் கிளப்புவது தேய்ப்புக் கருவி. அதன் அடித்தட்டிலும் உப்புத்தாளிலும் துளைகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கேயே குழாயைப் பொருத்தி உறிஞ்சினால் தூசு காற்றில் கலக்கும் முன்பே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கலந்த பிறகு தேடிப் பிடிக்க எந்த இயந்திரத்தாலும் எளிதில் இயலாது. கையடக்க ரம்பத்துக்கும் இதே உறிஞ்சி உதவும். மேசை ரம்பத்துக்கு மேலும் கீழும் உறிஞ்ச வேண்டியிருப்பதால் இது முழுமையாகப் போதாது. அதைப் பயன்படுத்தும்போது முகக்கவசம் கட்டாயம்.

இரண்டாவது செலவு சிறியது: உறிஞ்சிக்கும் கருவிக்கும் இடையே ஒரு சுழற்கூம்பு. கூம்பு வடிவக் கலத்தில் காற்று சுழன்று இறங்கும்போது கனமான துகள் சுவரோரம் ஒதுங்கிக் கீழேயுள்ள வாளியில் விழும். மெல்லிய தூசு மட்டுமே வடிகட்டியை அடையும். மர ஆலைகளின் கூரைமீது தகரக் கூம்பாக நிற்பது இதன் அண்ணன்தான். ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர் மர ஆலை ஒன்றில் இதைப் பார்த்துத்தான் பையில்லா வீட்டு உறிஞ்சியைச் செய்யத் தொடங்கினார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார் என்று அவரே கூறியிருக்கிறார். பிழைதிருத்தம் செய்யச் சொன்னால் முகம் தூக்கும் மாணவர்களுக்கு இந்த எண்ணை நான் சொல்வதுண்டு.

வாளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காலியான சாய வாளியை எடுத்து அதன்மேல் கூம்பைப் பொருத்தும் வழக்கம் இருக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டால் நல்ல உறிஞ்சி 20 கிலோ பாஸ்கல் வரை இழுக்கும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின்மீது அது ஏறக்குறைய 140 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். மெல்லிய வாளி பெரும் ஓசையோடு நசுங்கிவிடும். தடித்த வாளியாகத் தேர்ந்தெடுங்கள்.

மேலைநாட்டு நூல்களில் காணும் அறிவுரைகள் சில நமக்குப் பொருந்துவதில்லை. குளிர்நாட்டில் உறிஞ்சிய காற்றை வெளியே விட்டால் அறையின் வெப்பமும் உடன் போய்விடும். அதனால் வடிகட்டி உள்ளேயே விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. வெளியே விட்டுவிடலாம். ஆனால் எந்த வெளி? வரிசை வீட்டில் நம் வெளி என்பது அண்டை வீட்டாரின் உள். அவர்கள் சீனராக, மலாய்க்காரராக, நம்மவராக யாராகவும் இருக்கட்டும். அவர்கள் கொடியில் துணி காய்கிறது. சன்னலுக்குப் பின்னே ஒரு பாட்டி படுத்திருக்கக்கூடும். “முன்றில் திறந்த இடம்தானே, காற்று கொண்டுபோய்விடும்” என்பார்கள். காற்று எங்கே கொண்டுபோகிறது என்று கேட்டால் விடை இராது. 2015-லும் 2019-லும் அண்டை நாட்டுத் தீயின் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடினோம். வேலிக்கு அப்பாலிருந்து வரும் நுண்துகள் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

நம் ஈரக்காற்றும் கணக்கில் வர வேண்டும். கழுவ இயலாத தாள் வடிகட்டியில் தூசு ஈரத்தோடு அப்பிப் பூஞ்சணம் பிடிக்கும். மழைச்சாரல் படும் இடத்தில் உறிஞ்சியை வைக்கலாகாது. பையை மாதக்கணக்கில் நிரப்பிவைக்காமல் வேலை முடிந்த வாரத்திலேயே அகற்றுவது நல்லது.

மரத்தையும் சற்றுப் பார்ப்போம். நாம் வாங்கும் மலிவான பலகைகளுள் முதன்மையானது இரப்பர் மரம். நம் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டிய அதே பால்மரம்! இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த பிறகு அதை வெட்டி வீழ்த்துவார்கள். ஒரு காலத்தில் விறகாய்ப் போனது. 1980கள் முதல் தளவாடத் தொழிலின் உயிராயிற்று. மூவாரில் செய்யும் மேசை நாற்காலிகள் கடல்கடந்து போகின்றன. தோட்டத்தில் விடியற்காலைப் பனியில் அந்த மரத்தைச் சுற்றி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதன் பலகையைக் கடையில் விலைகொடுத்து வாங்கிப் புத்தக அலமாரி செய்கிறோம். எனக்கு அதில் ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஆனால் அறுக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இரப்பர் பலகையைப் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் தாக்குவதால் போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். எம்.டி.எஃப். பலகையோ இரப்பர் மர நாரையும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையையும் சேர்த்து அழுத்தியது. அதை அறுத்தால் சீவல் வராது, மாவுதான் வரும். ஃபார்மால்டிஹைடும் அந்தப் புற்றுநோய்ப் பட்டியலின் முதற்பிரிவில் இருப்பதுதான். நல்ல உறிஞ்சி வாங்கும் வரை எம்.டி.எஃப். பலகையை வீட்டில் அறுக்காதீர்கள். கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடுங்கள்.

“முகக்கவசம் அணிந்தால் போதாதா?” என்று கேட்போருக்கு: என் 95 வகைக் கவசம் நன்று, நானும் அணிகிறேன். முகத்தோடு ஒட்டி அமைந்தால் அது நம்மைக் காக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் ஒழுகும். ஆனால் அது காப்பது அணிந்தவரை மட்டுமே. நாம் வேலை முடித்துக் கவசத்தைக் கழற்றும் வேளையில்தான் பிள்ளை “அப்பா, முடிஞ்சிருச்சா?” என்று ஓடிவருகிறது. மரவேலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். அந்தத் தூசைத் தேர்ந்தெடுக்காதவர்கள் வீட்டில் மூன்று பேர், அடுத்த வீட்டில் நான்கு பேர். விலை கூடிய வடிகட்டிக்கு நான் வாதிடுவது அவர்கள் பொருட்டே.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 சனவரி முதல் கடின மரத்தூசுக்கு வைத்துள்ள தொழிலிட வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம், எட்டு மணி நேரச் சராசரியாக. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையில் அது மொத்தம் 72 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. ஒரு பலகையைத் தேய்த்த பின் தேய்ப்புக் கருவியின் சிறுபையில் எவ்வளவு தூள் சேர்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்.

பை இயந்திரம் யாருக்கு வேண்டும்? மின் இழைப்பு இயந்திரம் வைத்திருப்பவருக்கு. அது கூடை கூடையாகச் சீவலைத் தள்ளும். உருளை உறிஞ்சி தாங்காது. ஆனால் பாடத்துணைப்பொருளும் அலமாரியும் செய்யும் நமக்கு அவ்வியந்திரம் தேவையா என்பதையே நான் ஐயுறுகிறேன். கை இழைப்புளி ஒன்றை வாங்கி நன்றாகத் தீட்டிக்கொண்டால் அது சுருள் சுருளாகச் சீவும். அந்தச் சுருள் காலடியில் விழும், காற்றில் பறக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையில் பாதி குறையும். இரைச்சலும் இல்லை. இழைப்புளிச் சுருளை என் வகுப்பில் ஒட்டுப்படத்திற்குக்கூடப் பயன்படுத்துகிறோம். பழைய ஆசாரிகள் உறிஞ்சியின்றி வாழ்ந்தார்களே என்று வாதிடுவோர் இதைக் கருத வேண்டும். அவர்கள் கையில் இருந்தது உளியும் இழைப்புளியும், நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் தேய்ப்புக் கருவி அன்று.

இனி, கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை. வடிகட்டி எத்தனை மைக்ரோன், எந்த வகுப்பு என்று பெட்டியில் அச்சிடப்பட்டுள்ளதா? மாற்று வடிகட்டியும் பையும் இந்நாட்டிலேயே கிடைக்குமா, விலை என்ன? இதை அழுத்திச் சொல்கிறேன். இணையக் கடையில் இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். ஓராண்டு கழித்து அதற்குரிய வடிகட்டி எங்கும் கிடைக்காது. பிறகு துணியைக் கட்டி ஓட்டுவார்கள். மின்னழுத்தம் 230 வோல்ட் தானா என்றும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குரிய 110 வோல்ட் கருவிகளும் விற்பனைக்கு வருவதுண்டு. உறிஞ்சியின் உடலிலேயே செருகுமிடம் இருந்தால், கருவியை இயக்கியவுடன் உறிஞ்சியும் தானாக இயங்கும். இது ஆடம்பரம் அன்று. எழுந்துபோய் உறிஞ்சியை முடுக்க வேண்டுமென்றால் சிறு வேலைக்கு நாம் முடுக்க மாட்டோம். இரண்டும் ஒரே செருகியில் இயங்கும்போது 2,990 வாட் கணக்கை மறவாதீர்கள்; 1,200 வாட் உறிஞ்சியோடு 1,500 வாட் ரம்பம் அடங்கும், அதற்கு மேல் அடங்காது.

வாங்கிய பிறகு ஒரு கட்டுப்பாடு வேண்டும். மரத்தூசு இழுக்கும் உறிஞ்சியால் இரும்பு அரைக்கும்போது பறக்கும் பொறியை இழுக்காதீர்கள். உள்ளே காய்ந்த மரத்தூள் புகைந்துகொண்டே இருந்து, நாம் உறங்கிய பிறகு பற்றக்கூடும். கருவியை நிறுத்தியவுடன் உறிஞ்சியையும் நிறுத்தாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் உறிஞ்சியாலோ ஈரத்துணியாலோ துடையுங்கள். அதையும் பிள்ளைகளிடம் ஏவ வேண்டாம். பையை அகற்றும் வேலையைப் பெரியவர் ஒருவர் முகக்கவசம் அணிந்து, பையின் வாயைக் கட்டி, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் செய்யட்டும். காலணி அடுக்கை மட்டும் இன்றைக்கே முன்றிலின் மறுகோடிக்கு நகர்த்திவிடுங்கள். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.